பதினாறு முழத்தில் ஒரு படம்

இப்போது நம் எல்லாரிடமும் ஒரு போன் இருக்கிறது. பேரப்பிள்ளைக்குக் காதுகுத்தும் மண்டபத்தில் கரண்ட் போனால்கூட யாராவது அதை நீட்டிப் படம் எடுத்துவிடுகிறார்கள். பட்டப்பகலில் எடுத்தது போல விழுகிறது. நம் வயதுக்காரர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நம் முகம் முதன்முதலாகக் காகிதத்தில் விழுந்தது எப்போது, எந்த வெளிச்சத்தில்? உங்களில் பலருக்கு அது ஸ்டூடியோவில் நடந்திருக்கும். மலையும் ஏரியும் வரைந்த திரைக்கு முன்னால், இரண்டு பெரிய விளக்குகள் கண்ணைக் கூச, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். எனக்கு அப்படி இல்லை. சூரியனே படக்கூடாது என்று உட்கார வைத்திருந்த ஒரு அறையில் எடுத்தார்கள். அந்த ஒரு படத்துக்காக எங்கள் வீட்டில் எட்டு நாள் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

நான் ஒன்பதரை வகுப்பு படித்தவள். அதற்குப் பிறகு ஊர் ஊராகச் சுற்றினேன். ஏர்பேட்டில் கடலை பிடுங்கினேன். ரேணிகுண்டாவில் ரயிலேறி கொய்யா விற்றேன். வரதய்யபாளையம் பக்கம் செங்கல் சுமந்தேன். நாலு வருஷம் கல்யாண வீடியோக்காரர் ஒருவருக்கு லைட் பிடித்தேன். வெளிச்சத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த நாலு வருஷத்தில் கற்றது. அது தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நடந்ததில் பாதி எனக்குப் புரிந்தது.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் தெரு முழுக்க பவர்லூம். நைனா, என் அப்பா, தறி முதலாளி சாவுகாரின் ஷெட்டில் தறி ஓட்டினார். ஷெட்டுக்கு முதுகை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. அம்மா வீட்டிலேயே நூல் சுற்றினாள். நைனாவின் அக்கா, என் அத்தை, பதினாறு வயதில் தாலியறுத்து எங்களோடு வந்து இருந்தவள். வீட்டில் எது ஆகும் எது ஆகாது என்று சொல்வது அவள் வேலை.

நான் அப்போது ஏழாவது. தெலுங்கு மீடியம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு பள்ளியில் தெலுங்கில் கணக்குப் போட்டேன். எங்கள் டீச்சர் என்னைத் திருப்பதியில் இருந்த பெண்கள் விடுதிப் பள்ளிக்குப் பரீட்சை எழுத வைப்பதாகச் சொல்லியிருந்தார். தேறினால் எட்டாவதிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்கலாம், சோறும் துணியும் அவர்களுடையது. தேறாவிட்டால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி, என் மாமா, திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தார். நான் பிறந்த அன்றைக்கே மாமனுக்குத்தான் என்று பேசிவிட்டார்கள். நம் பக்கத்தில் அது புதிதல்ல. பெரியவளானால் இரண்டு வருஷத்துக்குள் கல்யாணம் என்பது அத்தையின் கணக்கு. பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் மாமா. எனக்கு இருந்த வழி அந்த இரண்டுதான்.

பரீட்சைக்கு விண்ணப்பம் போட வேண்டிய வாரத்தில் நான் பெரியவளானேன்.

வீட்டின் பின்பக்க அறையில், நூல் கோன்கள் அடுக்கியிருந்த மூலையில், பச்சைத் தென்னோலை வைத்துத் தடுத்தார்கள். அதுதான் என் குடிசை. தனித் தட்டு, தனிச் செம்பு, ஒரு பழைய பாய். எங்கள் வகையறாவில் பதினாறு நாள். வெயில் மேலே படக்கூடாது. ஆம்பளை யாரும் பதினாறு முழத்துக்குள் வரக்கூடாது. அத்தை குடிசையிலிருந்து தன் கையால் முழம் போட்டுக்கொண்டே போனாள். அறை முடிந்து, வாசற்படி தாண்டி, பின்கட்டு முற்றத்தில் துவைகல்லுக்குப் பக்கத்தில் பதினாறு முடிந்தது. அங்கே சாணியால் ஒரு கோடு இழுத்தாள்.

நைனாவோ வேறு ஆம்பளையோ தெரியாமல் தாண்டினால் ஒரு தேங்காய் உடைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். கட்டிக்கப்போகிற மாமன் தாண்டினால் தீர்வு கிடையாது. பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அவன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால், அந்தப் பெண்ணுக்கு அவன் தாலி கட்ட முடியாது. முறை முறிந்துபோகும். அப்படி முறிந்த ஒரு கதையை அத்தை முதல் நாளே எல்லாருக்கும் ஒருமுறை சொல்லி வைத்தாள்.

இரண்டாம் நாள் டீச்சர் வந்தார். அவருக்குத் தமிழ் வரும், ஆனால் தெலுங்கு வழியாகத்தான் வரும். முற்றத்தில் நின்றுகொண்டு விண்ணப்பத்தை அம்மாவிடம் காட்டினார்.

"எல்லாம் நான் எழுதிட்டேனம்மா. இங்க ஒரு போட்டோ ஒட்டணும். போட்டோ லேகபோதே தீஸ்கோரு."

போட்டோ இல்லாவிட்டால் வாங்கமாட்டார்கள் என்று அதற்குப் பொருள்.

"எப்போ டீச்சரம்மா?" என்றாள் அம்மா.

"இன்னைக்கு வியாழன். அடுத்த வியாழன் காலைல நான் சித்தூர் ஆபீசுக்குப் போறேன். அன்னைக்குதான் லாஸ்ட் டேட்."

"தண்ணி ஊத்தறதே அதுக்கு அடுத்த வியாழன் ஆச்சே" என்றாள் அத்தை. "அதுக்கு மின்ன பொண்ண வெளிய இஸ்துகினு போய் போட்டோ புடிக்கிறதா? எங்க வூட்ல ஆவாது."

டீச்சர் அத்தையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். "கிளாஸ்ல கணக்குல ஃபர்ஸ்ட் இவதான். இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும்."

அம்மா விண்ணப்பத்தை டீச்சரிடம் திருப்பித் தரவில்லை. ஓலை இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கையைத்தான்.

ஊரில் இருந்த ஒரே ஸ்டூடியோக்காரரை நைனா போய்க் கேட்டார். அவர் வீட்டுக்கு வர ஒத்துக்கொண்டார். கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று எடுக்கவும் ஒத்துக்கொண்டார். அத்தைதான் குறுக்கே வந்தாள்.

"அந்த பளிச்சுனு அடிக்கிறது கூடாது. உக்காந்துகினு இருக்கிற பொண்ணு மேல மின்னல் அடிச்சா மாதிரி."

"பிளாஷ் இல்லாம அந்த இருட்டு ரூம்ல எடுக்க நான் இன்னா மந்திரவாதியா?" என்று கேட்டுவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதனால் மாமாவுக்கு ஆள் போனது.

யாரிடம் போய்க் கேட்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று படம் எடுக்க, நான் போய்விட்டால் பெண்ணை இழக்கிறவரைத்தான் கூப்பிடுகிறோம். வேறு ஆள் இல்லை. அம்மா வியாழன் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள்.

மாமா வெள்ளிக்கிழமை மத்தியானம் புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு இருபத்துநாலு இருக்கும். ஒல்லி. அவர் ஸ்டூடியோவில் வேலை பெரும்பாலும் மலையிலிருந்து மொட்டையடித்துக்கொண்டு இறங்குகிற குடும்பங்களை உட்காரவைத்து எடுப்பது. முற்றத்தில், கோட்டுக்கு ஒரு அடி தள்ளி நின்று, அறையை எட்டிப் பார்த்தார். பிறகு அத்தையைக் கேட்டார்.

"அண்ணி, காமிரா வழியா பாத்தா பாத்ததா ஆவுமா?"

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தாள். "நடுவுல கண்ணாடி கீதா?"

"ஏழு கண்ணாடி கீது அண்ணி."

"அப்போ பரவால்ல. பாக்கறது தப்பு இல்ல. கோட்டைத் தாண்டறதுதான் தப்பு."

"காயிதத்துல வந்தப்புறம் பாத்தா?"

"காயிதம் காயிதந்தான். வாய மூடிக்கினு எடுப்பா."

அவர் கொண்டுவந்த சாமானைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஸ்டூடியோவில் இரண்டு காமிரா இருந்ததாம். ஒன்று குனிந்து மேலே இருந்து பார்க்கிற பெட்டிக் காமிரா. படம் தெளிவாக விழும், ஆனால் அதன் லென்ஸ் குறைவாகத்தான் திறக்கும். இருட்டில் ஒரு வினாடிக்கு மேல் திறந்து வைத்தால்தான் படம். ஒரு வினாடி நம்மால் பொம்மை போல இருக்க முடியாது. இன்னொன்று கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் காமிரா. அதற்கு இரண்டு லென்ஸ். குட்டையானது அம்பது எம்எம். ஒன்று புள்ளி எட்டு வரை திறக்கும், இருட்டில் பூனைக்கண் மாதிரி. நீளமானது நூற்று முப்பத்தைந்து. திருவிழாவில் சாமி முகத்தைத் தூரத்திலிருந்து எடுக்க முதலாளி வாங்கியது. அது திறப்பது இரண்டு புள்ளி எட்டு வரைதான்; எண் ஏறினால் வெளிச்சம் குறையும்.

வெளிச்சத்தைப் பார்த்தால் குட்டை லென்ஸ்தான் வேண்டும். ஆனால் பதினாறு முழத்தில் நின்று அதில் எடுத்தால் என் முகம் ஃபிலிமில் ஒரு எள்ளு அளவு விழும். அதைப் பெரிதாக்கினால் முகம் கேழ்வரகு மாவைத் தூவியது போல் வரும். நீள லென்ஸ் என்றால் கோட்டுக்கு வெளியே நின்றே முகத்தை முழுசாகப் பிடிக்கலாம். ஆனால் வெளிச்சம் குறைவு, அதனால் நேரம் கூடுதல், அதனால் ஆடும். இது லைட் பிடித்த காலத்தில் எனக்குப் புரிந்தது. மாமாவுக்கு அன்றே தெரியும். அவர் நீள லென்ஸை மாட்டினார்.

முதலில் கூரையில் இருந்த கண்ணாடி ஓட்டைத் துடைக்கச் சொன்னார். வருஷக்கணக்கில் பஞ்சும் கரியும் படிந்து அது மற்ற ஓடுகளின் நிறத்துக்கே வந்திருந்தது. நைனா ஏறி ஈரத்துணியால் தேய்த்தார். ஒரு வெளிச்சத் துண்டு அறைக்குள் வந்து விழுந்தது. அது என் மேல் படாமல் ஓலைக்கு ஒரு அடி முன்னால் விழுவதை அத்தை சரிபார்த்துக்கொண்டாள். மாமா, தறியிலிருந்து வந்த வெள்ளைத் துணியை அந்த வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். அம்மா முன்னால் இருந்த ஓலையைப் பாதி ஒதுக்கிவிட்டுப் பிடித்தாள். துணியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் என் முகத்துக்கு வந்தது. இரண்டு நாளாக இருட்டில் இருந்த எனக்கு அது சூடாக இருப்பது போலத் தோன்றியது.

அவர் கோட்டுக்கு வெளியே, நெல் குத்துகிற குந்தாணியைக் கவிழ்த்து, மேலே மடித்த துண்டு போட்டு, காமிராவை அதன்மேல் அழுத்திப் பிடித்தார்.

"மூச்ச இழு. நான் சொல்றவரிக்கும் விடாத."

நான் விடவில்லை. பன்னிரண்டு படம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்ததில் கடைசியில் தலை சுற்றியது.

திங்கட்கிழமை படங்களோடு வந்தார். ஒரு பழுப்பு உறையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டார். அம்மா எடுத்துப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். பேசாமல் ஒன்றை ஓலைக்குள் நீட்டினாள்.

அதில் எனக்கு இரண்டு மோவாய் இருந்தது. கண் நாலு. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகை. பன்னிரண்டும் அப்படித்தான்.

அத்தை வாங்கிப் பார்த்தாள். "தூளில உக்காந்த முனி மாதிரி கீது" என்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இன்னாடா இது?" என்றாள் அம்மா.

"ஆடிப்போச்சிக்கா."

"நீ போட்டோ புடிக்கிறவன்தான? எம்மாம் பேர புடிக்கிற. உன் அக்கா பொண்ணுக்கு மட்டும் ஆடுதா?"

"நான் ஆட்டலக்கா. கல்லு மாதிரிதான் புடிச்சிக்கினு இருந்தேன்."

"அவ போவக்கூடாதுன்னு உனக்குக் கீது. அத வாயத் தொறந்து சொல்லேன். ஏன் இப்டி பண்றே?"

நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொல்வது சரி என்றுதான் எனக்கும் பட்டது. வேண்டுமென்றே ஆட்டியிருக்கிறார். வியாழனுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, அது ஓடிவிட்டால் போதும் அவருக்கு. கையில் இருந்த படத்தை நாலாகக் கிழித்து ஓலை இடுக்கு வழியாக வெளியே போட்டேன். அது அவருக்குத் தெரியவேண்டும் என்றுதான் போட்டேன். பதினாறு முழம் பறக்கவில்லை. வாசற்படியிலேயே விழுந்தது.

அவர் அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் எனக்கு வைக்கிற செம்பில் தண்ணீர் இருந்தது. அவர் பார்வை அதற்குப் போயிருக்கவேண்டும். எழுந்து, கோட்டின் விளிம்பு வரை வந்து, குனிந்து கையைத் தரையில் வைத்தார்.

"அக்கா. அந்த செம்பப் பாரு."

"செம்புக்கு இன்னா?"

"தண்ணி ஆடுது."

அம்மா பார்த்தாள். தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அது எப்பவும் அப்டிதான் இருக்கும்" என்றாள்.

மாமா அவளையே பார்த்தார். "எப்பவும்னா?"

"தறி ஓடுதில்ல. தண்ணி ஆடாம இருக்குமா?"

அதுதான் விஷயம். சுவருக்கு அந்தப்பக்கம் ஷெட். தறி அடிக்கிற அடியில் எங்கள் வீட்டுத் தரை, சுவர், கோன் அடுக்கு, குந்தாணி, அதன்மேல் இருந்த காமிரா, நான் உட்கார்ந்திருந்த பாய், எல்லாம் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தன. எங்களுக்கு அது தெரியாது. பிறந்ததிலிருந்து அந்த நடுக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது நடுக்கம் இல்லை. வேறு ஊரில் போய்ப் படுத்தால்தான் எங்களுக்குத் தரை செத்துப்போனது போல இருக்கும். கல்லு மாதிரி பிடித்தேன் என்றாரே, கல்லே ஆடியிருக்கிறது.

அம்மா தம்பியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் பெரியவர்கள் கேட்கமாட்டார்கள். "சோறு துன்னியா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்றார். அவள் தட்டு போட்டாள். கிழித்த துண்டுகளை அத்தை பெருக்கித் தள்ளினாள்.

திருப்பதியில் லீவு சொல்லிவிட்டு செவ்வாய் முழுக்க அவர் நகரியிலேயே இருந்தார். நைனா சாவுகாரைப் போய்ப் பார்த்தார். பத்து நிமிஷம் தறியை நிறுத்தினால் போதும் என்று கேட்டிருக்கிறார். "போட்டோவுக்கா?" என்று கேட்டாராம் சாவுகார். நைனா திரும்பி வந்து, தன் பொறுப்பில் இருந்த நாலு தறியையும் தானே நிறுத்தினார். மாமா செம்பைப் பார்த்தார். வளையங்கள் கொஞ்சம் மெலிந்தன, ஆனால் நிற்கவில்லை. பக்கத்து ஷெட், எதிர் ஷெட், தெருமுனை ஷெட் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஆள் தறியை நிறுத்தினால் தெரு நிற்குமா? மேஸ்திரி கத்துகிற சத்தம் கேட்டு நைனா ஓடிப்போய் மறுபடி ஓட்டினார்.

"புதன்கிழமை பதினோரு மணிக்கு கரண்ட் கட்டு" என்றார் நைனா. "தெரு மொத்தமும் நின்னுடும். அப்போ எடு."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. கரண்ட் போனதும் எடுத்து, பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால், சாயங்காலத்துக்குள் திருப்பதியில் கழுவிப் பிரிண்ட் போட்டு, வியாழன் காலையில் மாமாவே சித்தூர் ஆபீசுக்குக் கொண்டுபோய், விண்ணப்பத்தோடு வருகிற டீச்சரிடம் கொடுத்துவிடலாம். அடுத்த பஸ் மூன்றரைக்குத்தான். அதில் போனால் முதலாளி கடையைப் பூட்டிவிடுவார்.

புதன்கிழமை பத்தரைக்கே காமிராவைக் குந்தாணிமேல் வைத்துவிட்டார். அம்மா வெள்ளைத் துணியோடு நின்றாள். நான் எண்ணெய் தடவி, பொட்டு வைத்து, பள்ளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை கோட்டின் ஓரத்தில் வெற்றிலைப் பையோடு. நைனா ஷெட்டில்.

பதினொன்று ஆயிற்று. தறி ஓடியது.

"இன்னைக்குப் பாத்து நேரத்துக்கு எடுக்கமாட்டான்" என்றாள் அம்மா.

பதினொன்றே கால். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் தரையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அது சுவருக்கு ஏறிவிட்டால் துணிக்கு வராது. அம்மாவின் கை வலித்து, துணி தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. மாமா செம்பைப் பார்ப்பதும் வெளிச்சத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பதினொன்றே முக்காலுக்கு நைனா ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு கட்டு இல்லியாம். நாளைக்கு மாத்திட்டானாம்."

தறி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. திருப்பதி எப்படி இருக்கும் என்று நான் நினைத்து வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா குந்தாணியிலிருந்து காமிராவை எடுத்தார். நீள லென்ஸைத் திருகிக் கழற்றிப் பையில் வைத்தார். குட்டை லென்ஸை மாட்டினார். அவசரப்படவில்லை. லென்ஸைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தார்.

"அத மாட்டினா மூஞ்சி எள்ளு மாதிரி வரும்னு சொன்னியே" என்றாள் அம்மா.

"இங்க இருந்து எடுத்தா எள்ளுதான்" என்றார்.

அம்மாவுக்குப் புரிந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தாழ்ந்திருந்த துணியை மேலே தூக்கிப் பிடித்தாள்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டினார். படி ஏறினார். அறைக்குள் வந்தார். ஓலையை ஒதுக்கி என் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இரண்டு முழம்கூட இல்லை. அவர் சட்டையில் ஸ்டூடியோ மருந்து வாசனை அடித்தது, புளித்த காடி மாதிரி. காமிராவை எதன்மேலும் வைக்கவில்லை. இரண்டு முழங்கையையும் வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். தரை ஆடட்டும், நடுவில் உடம்பு இருக்கிறது, அது நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். லென்ஸ் முழுக்கத் திறந்திருந்ததால் கண் இமைக்கிற நேரமே போதும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது லென்ஸுக்குள் இருந்த கறுப்பு மட்டும்தான்.

"என் கண்ணப் பாக்காத. இந்தக் கண்ணாடியப் பாரு. சிரிக்காத, ஆபீசுக்குப் போறது."

"சிரிக்கலியே மாமா."

"அப்டியே இரு."

மூன்று முறை கிளிக் கேட்டது. மூன்றாவது கேட்ட பிறகுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

"தாண்டிட்டான். பாத்துக்கோங்க எல்லாரும். மாமன் தாண்டிட்டான்."

ஷெட் வாசலில் நைனாவின் முகம் தெரிந்தது. அத்தை எழுந்து நின்று கையை நீட்டிச் சொன்னாள். "முறை முறிஞ்சிபோச்சி. இனிமே இவளுக்கு இவன் ஆவாது. இந்த வூட்டுப் படியும் அவனுக்கு இல்ல."

"சரி அண்ணி" என்றார் மாமா. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "பன்னண்டு மணி பஸ் போய்டும்." ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அத்தையைப் பற்றி இத்தனை வருஷமும் நான் ஒரு மாதிரிதான் நினைத்திருந்தேன். அவளைப் பதிமூன்று வயதில் சொந்த மாமனுக்குக் கொடுத்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு என் மாமா லென்ஸ் மாற்றியதிலிருந்து கிளிக் வரைக்கும் இரண்டு நிமிஷமாவது ஆகியிருக்கும். அவர் செருப்பைக் கழற்றினார். படி ஏறினார். ஓலையை ஒதுக்கினார். கோட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவ்வளவு நேரம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்? கோட்டில் கால் வைக்கும்போதே ஒரு சத்தம் போட்டிருந்தால் அவர் நின்றிருப்பார். அவள் போடவில்லை. நான் அதைக் கேட்பதற்குள் அவள் செத்துப்போனாள்.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றினார்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு மாமா வந்து தெருவில் நின்றார். வளையல், புடவை, மாலை எல்லாம் இருந்தது. படி ஏறக்கூடாது. நைனா இறங்கிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டு வந்தார். மாலையைப் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் போட்டார். சோறு துன்னாமலே மாமா திரும்பிப் போனார். தெருவில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். அவருக்குத் திருப்பதியில் வேறு பெண் இருக்கிறது, தப்பிக்க வழி பார்த்தார் என்று சிலர். அவசரக்காரன், முறையை மறந்துவிட்டான் என்று சிலர். நான் முதல் கட்சியை நம்பினேன். அது எனக்கு வசதியாக இருந்தது. அவருக்கு நான் வேண்டாம் என்றால், நான் யாருக்கும் கடமைப்பட்டவள் இல்லை.

படம் தெளிவாக வந்திருந்தது. விண்ணப்பம் போனது. பரீட்சை எழுதினேன். தேறினேன்.

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் அந்தப் பள்ளியில் ஒன்பதாவது முடித்து, பத்தாவதில் அரை வருஷம்தான் இருந்தேன். ஒரு காலையில் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மணி அடித்தால் எழுந்திரு, மணி அடித்தால் சாப்பிடு, மணி அடித்தால் படு. என்னால் முடியவில்லை. என் கால் அப்படிப்பட்டது, அவ்வளவுதான்.

நேராக மாமாவின் ஸ்டூடியோவுக்குப் போனேன். மூன்று வருஷத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் முறை. அவருக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் பேசிக்கொண்ட பெண் அல்ல, அப்படி ஒருத்தி இருக்கவே இல்லை. மாமி பாலசமுத்திரத்துப் பெண். என் அம்மா போய்ப் பார்த்து முடித்த சம்பந்தம். மொட்டையடித்த ஒரு குடும்பத்தை பெஞ்சில் உட்கார வைத்து, சந்தனம் வழிகிற தலைகளை ஒன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். என் பெட்டியைப் பார்த்தார்.

"வந்துகினு கீறியா, போய்க்கினு கீறியா?"

"போறேன் மாமா."

"எங்க?"

"தெரியல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை திரும்பிப் போயிருப்பேன். காமிராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, கேட்காமல் போகவும் முடியவில்லை.

"அன்னிக்கு நீ மறந்துட்டுத்தான் தாண்டினியா?"

பெஞ்சில் இருந்த மொட்டைக் குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது. அவர் போய் அதன் மோவாயைப் பிடித்து நேராக்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

"மறந்துட்டு எவனாவது செருப்பக் கழட்டுவானா?" என்றார்.

பிறகு குழந்தையைப் பார்த்து, "இக்கட சூடு நானா, இக்கட" என்று தெலுங்கில் தன் பக்கம் பார்க்கச் சொல்லி விரலைச் சொடுக்கினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அதை எடுத்து முடிக்கும்வரை நானும் அசையாமல் நின்றேன். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.